முகத்துக்கு வெளிச்சம் கூட்டினால் வேட்டி மடிப்பு மறைகிறதே?

கேள்வி: திருக்கடையூரில் அப்பாவின் மணிவிழாவன்று கோபுரத்துக்கு முன்னால் எடுத்த படத்தில் அவர் முகம் கறுத்துக் கிடக்கிறது. போனில் பிரைட்னஸைக் கூட்டினேன். முகம் தெரிந்தது, வேட்டி வெறும் வெள்ளையாகிவிட்டது. ஏஐ மூலம் சரிசெய்ய 2,000 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் மாற்றிய படத்தை விட்டுவிட்டு, கை வைக்காத மூலப் படத்தை எடுங்கள்.

ஜேபெக் படத்தில் வெளிச்சத்துக்கு 0 முதல் 255 வரைதான் படிகள். அப்பாவின் கன்னம் 50, வேட்டியின் மடிப்பு 200, மேடு 230 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரைட்னஸ் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கும். 60 கூட்டினால் கன்னம் 110 ஆகும்; மடிப்பும் மேடும் 255இல் முட்டி ஒன்றாகிவிடும். அப்படியே சேமித்த பிறகு வெளிச்சத்தைக் குறைத்தால் மடிப்பு திரும்பாது, வேட்டி சாம்பல் நிறமாகும்.

போனின் எடிட் பகுதியில் நீங்கள் தொட வேண்டியது ‘ஷேடோஸ்’. அது இருண்ட பகுதியை மட்டும் தூக்கும். பிறகு, வெளிச்சமான பகுதியைக் கட்டுப்படுத்தும் ‘ஹைலைட்ஸ்’ஸைச் சற்றுக் குறையுங்கள். ஸ்னாப்சீட் செயலியில் ‘செலக்டிவ்’ என்ற வசதி இருக்கிறது. கன்னத்தில் ஒரு புள்ளி வைத்து அங்கே மட்டும் வெளிச்சம் கூட்டலாம். முகம் மணல் தூவியதுபோல் பொரியத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். இவ்வளவு பயனுள்ள ‘ஷேடோஸ்’ஸை உள்ளே ஒளித்துவிட்டு, முகப்பூச்சு ஃபில்டரை முன்னால் வைக்கிறார்கள் போன் நிறுவனங்கள். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

கடைக்காரரின் ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். இருட்டில் விவரம் இல்லாத இடத்தில் அது தானாக ஒரு முகத்தை வரைந்து ஒட்டிவிடும். என்னிடம் வந்த ஒரு படத்தில், ஒரு பாட்டியின் மூக்கோரத்து மரு போயிருந்தது. கண் வேறு யாருடையதோ. அதோடு, வெளிச்சம் என்று கேட்டால் தோலை வெளுத்துத் தருகிறார்கள். மாநிறத்து மனிதரை மாநிறமாகவே காட்டுவதுதான் சரியான வெளிச்சம். யாரிடம் கொடுத்தாலும் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. விழாவுக்குப் புகைப்படக்காரர் வந்திருந்தால், ‘ரா’ கோப்பு, அதாவது கேமரா பதிந்ததை ஜேபெக்காக மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு, இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். கேனானில் சிஆர்3, நிக்கானில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ என்று பெயர் முடியும். 14 பிட் கோப்பு என்றால் 256 படிகளுக்குப் பதில் 16,384 படிகள். கறுத்த முகத்தை அதிலிருந்து எவ்வளவோ மீட்கலாம். ஆனால் இடம் போதவில்லை என்று சில மாதங்களில் அழித்துவிடுகிறார்கள், ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. ஆல்பம் வந்துவிட்டதே என்று காத்திருக்காதீர்கள்.

மூலப் படம் உறவினர் போனில் இருந்தால், வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும். அச்சுக்குக் கொடுக்கும் முன் போனின் தானியங்கி வெளிச்சத்தை அணைத்து, திரையைப் பாதி அளவில் வைத்து, பகலில் ஒருமுறை பாருங்கள். அப்போதும் முகம் தெரிந்தால் காகிதத்திலும் தெரியும்.