லென்ஸுக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு மூன்று வருடமாகப் பறவைகளைப் படம் எடுப்பதில் ஆர்வம். கேமரா, பயணம் என்று இதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் போய்விட்டது. இப்போது 3 லட்சம் ரூபாய்க்கு ஒரு லென்ஸ் வாங்க, பர்சனல் லோன் போடலாம் என்கிறார். வீட்டுக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய்தான். வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிவிடுகிறது. நான் தடுப்பது தவறா?
- வாசகி, திருச்சி

பதில்: கடனைத் தடுப்பது தவறே இல்லை, சகோதரி. ஆனால் அவர் ஆசையைத் தடுத்துவிடாதீர்கள். விடிவதற்கு முன் எழுந்து ஏரிக்கரைக்கு ஓடும் மனுஷனிடம் நல்ல குணம்தான் இருக்கிறது.

முதலில் கணக்கை இருவரும் சேர்ந்து பாருங்கள். 13 சதவீத வட்டி என்று வைத்தால், 3 லட்சத்துக்கு மூன்று வருடம் மாதம் சுமார் 10,100 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 64,000 ரூபாய் வரும். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். செலவு அதோடு நிற்காது. பெரிய லென்ஸ்கள் பல இரண்டு கிலோ அளவுக்குக் கனக்கும் என்பதால் கேமராவைத் தாங்கி நிறுத்த நல்ல முக்காலி ஸ்டாண்டும் கேட்கும். மழைக்காலத்தில் பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். என் தம்பியின் லென்ஸ் ஒரே மழைக்காலத்தில் அப்படித்தான் கெட்டது. ஈரம் புகாத பெட்டி கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருக்கும். வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்கு மேல் காற்று அலையடிக்கும். தூரத்துப் பறவையை எத்தனை லட்ச ரூபாய் லென்ஸில் எடுத்தாலும் படம் கலங்கித்தான் வரும். காலை வெளிச்சமும் பறவை பயப்படாத அளவுக்குக் கிட்டே போகும் பொறுமையும்தான் நல்ல படத்தைத் தரும். அவை இரண்டுக்கும் காசு வேண்டாம்.

அதனால் முதலில் அந்த லென்ஸை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகும் மனம் நிற்கவில்லையா, சரி, மாதம் 4,000 ரூபாயை அவர் பெயரிலேயே தனியாகப் போட்டு வையுங்கள். ஒன்றரை வருடத்தில் 72,000 ரூபாய் சேரும். தூரத்துப் பறவையைக் கிட்டே காட்டும் சிக்மா, டாம்ரான் கம்பெனிகளின் 150-600 மி.மீ. லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் அவர் சொல்லும் விலையில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கின்றன. கேமராவுக்குப் பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்த்து, உள்ளே டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் வேறு எதற்கும் கை வைக்காதீர்கள், கரண்ட் பில்லுக்குக்கூட. ‘இது உனக்கானது’ என்று வீட்டில் ஒரு தொகை இருந்தால் அந்த முகம் வாடாது.

அப்புறம், இந்தக் குளிர்காலத்தில் அவரோடு நீங்களும் ஒருமுறை அரியலூர் மாவட்டத்தில் உள்ள கரைவெட்டி பறவைகள் சரணாலயத்துக்குப் போய் வாருங்கள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் அங்கே வந்து இறங்கும். அவர் எதற்காக இவ்வளவு ஏங்குகிறார் என்பதை அன்று கரையில் நின்று நீங்களே பார்க்கலாம். போகும்போது பிளாஸ்கில் காபி எடுத்துக்கொள்ளுங்கள்.