ஏரித் தண்ணீர் குளிக்க ஏற்றதா என்று பள்ளி மாணவர்களே சோதித்துச் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் அவர்கள் சோதனை "இங்கே இறங்காதே" என்றுதான் உறுதியாகச் சொல்லும், "தாராளமாகக் குளி" என்று சொல்லாது.

நான் மன்னார்குடிப் பக்கம் அறிவியல் ஆசிரியர். எங்கள் ஏரியில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கலாமா, படகு விடலாமா என்று ஊரில் பேச்சு வந்தது. ஒன்பதாம் வகுப்பை அழைத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திறந்தவெளிக் குளியலுக்கென்று அளவு வைத்திருக்கிறது. அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 6.5 முதல் 8.5 வரை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும், பி.ஓ.டி., அதாவது தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கழிவு கலப்பைக் காட்டும் பாக்டீரியாவான கோலிஃபார்ம், மொத்தமாக 100 மில்லிலிட்டருக்கு 500-க்குள். முதல் இரண்டையும் பள்ளி ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம்.

எப்போது தண்ணீர் எடுக்கிறீர்கள் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பகல் முழுக்கப் பாசி வெயிலில் ஆக்சிஜனை விட்டுக்கொண்டிருக்கும். மதியம் 2 மணிக்கு எடுத்தால் மோசமான ஏரிகூடத் தேறிவிடும். இரவெல்லாம் அதே பாசியும் மீனும் சுவாசித்துத் தீர்த்த பிறகு, விடியற்காலையில் எடுங்கள். அப்புறம் டெல்டாவில் ஒரு மாதக் கணக்கு போதாது. மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வந்ததும் ஒரு முறை, சம்பா வயல் உரத்தோடு வடியும் ஐப்பசி மழையில் ஒரு முறை, ஏரி வற்றும் பங்குனியில் ஒரு முறை பாருங்கள்.

கிருமி இருக்கிறதா என்று பார்க்க, எச்2எஸ் பாட்டில் என்ற நிறம் மாறும் சோதனை பாட்டிலில் ஏரித் தண்ணீரைப் பிடித்து வைத்தோம். மலக்கழிவு கலந்திருந்தால் தண்ணீர் கறுக்கும். நடு ஏரி, மதகடி, படித்துறை என்று மூன்று பாட்டில்களை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். மறுநாள் மணி அடிக்கும் முன்பே ஒரு பையன் ஓடி வந்தான்: "சார், படித்துறை பாட்டில் மை மாதிரி ஆயிடுச்சு!" தெருச் சாக்கடை விழுவது அந்தத் துறைக்குப் பக்கத்தில்தான். அன்று மாலையே அவன் தன் அப்பாயியிடம், அங்கே வாய் கொப்பளிக்காதே என்று சொல்லியிருக்கிறான். எனக்கு அது மதிப்பெண்ணைவிடப் பெரிது.

நடு ஏரி பாட்டில் கறுக்கவில்லை. சரி, அங்கே குளிக்கலாமா? அதை அந்த பாட்டிலை நம்பிச் சொல்லாதீர்கள். கோலிஃபார்ம் எண்ணிக்கைக்கு ஆய்வகம்தான் வழி. கிருமி நீக்கிய பாட்டிலில், மேல்மட்டத்துக்கு ஒரு அடி கீழே பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். தண்ணீர் எடுக்கும்போது நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே நிற்கட்டும்.