கொல்லன் பட்டறையும் மாவுப் பையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயோவா சிட்டியில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, நீங்கள் முன்பு எழுதியிருந்ததை நினைவில் வைத்து, அருகிலுள்ள வெஸ்ட் பிராஞ்சுக்குப் போய்வந்தோம். அமெரிக்காவின் 31ஆவது அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் பிறந்த இரண்டு அறை வீட்டை ஐந்து நிமிடங்களில் பார்த்து முடித்துவிட்டோம். அவருடைய தந்தையின் கொல்லன் பட்டறை என்று நான் வியந்து நின்ற கட்டடம் 1957இல் கட்டப்பட்டதாம். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரின் வழிபாட்டுக் கூடத்தையும் வேறிடத்திலிருந்து நகர்த்திக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதையா வரலாற்றுத் தலம் என்று எழுதினீர்கள்?

கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

உங்கள் ஏமாற்றம் நியாயமானதுதான். பட்டறையைப் பற்றி நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஐந்து நிமிட வீட்டின் கதை நீங்கள் நினைப்பதைவிட நீளமானது. 14க்கு 20 அடி அளவுள்ள அந்த வீட்டை ஹூவரின் தந்தையும் பாட்டனாரும் 1871இல் கட்டினார்கள். 1874இல் ஹூவர் அங்கே பிறந்தார். பின்னாளில் அதை வாங்கியவர், சிறு வீட்டைத் திசை திருப்பி, முன்னால் ஒரு மாடி வீட்டைக் கட்டி, இதை அதன் பின்கட்டாக ஒட்டவைத்துவிட்டார். 1928இல் ஹூவர் அதிபர் தேர்தலில் நின்றதும் அந்தப் பின்கட்டைப் பார்க்கக் கூட்டம் வரத் தொடங்கியது. அமெரிக்க ஓவியர் கிராண்ட் வுட் 1931இல் தீட்டிய ஓவியத்தில் மாடி வீடுதான் பெரிதாகத் தெரிகிறது; புல்வெளியில் எறும்பளவு நிற்கும் ஒரு மனிதர் பின்னாலிருக்கும் சிறு வீட்டைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கிறார். ஹூவர் குடும்பம் 1935இல் இடத்தை வாங்கி, 1938இல் மாடி வீட்டை அகற்றி, சிறு வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. அந்த மாடி வீடும் ஊரின் வரலாறுதானே, அதை விட்டுவைத்திருக்கலாமே என்ற குறை எனக்கு உண்டு.

பட்டறை உண்மையில் மறுகட்டுமானம்தான். சிறுவயதில் தந்தையின் பட்டறையில் வெறுங்காலோடு பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டை மிதித்துவிட்டதாகவும், அந்தத் தழும்பு கடைசிவரை பாதத்தில் இருந்ததாகவும் ஹூவரே எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுப் போனதால், 1957 என்ற ஆண்டு என்னை அவ்வளவாக உறுத்தவில்லை.

உங்கள் கடிதத்தில் அங்கேயே இருக்கும் ஹூவர் அருங்காட்சியகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நேரமில்லாமல் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், விட்டிருக்கக் கூடாது. ஹூவர் என்றதும் 1930களின் பெரும் பொருளாதாரச் சரிவான பெருமந்தமும், வீடிழந்தவர்களின் குடிசைப் பகுதிகளுக்கு அவருடைய பெயரையே வைத்து மக்கள் ஏசியதும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், 1914இல், ஜெர்மானியப் படைகளின் பிடியிலிருந்த பெல்ஜியத்துக்கு உணவு அனுப்பும் குழுவை நடத்தியவரும் அவர்தான். அமெரிக்க ஆலைகளிலிருந்து கோதுமை மாவு பருத்தித் துணிப் பைகளில் போனது. பருத்தி வெடிமருந்து செய்ய உதவும் என்பதால், காலிப் பைகள் படையினர் கைக்குப் போய்விடாதபடி கணக்கு வைத்துக் காத்தார்கள். அவற்றை வாங்கிய பெல்ஜியப் பெண்கள் பூவேலை செய்து, நன்றிச் சொற்களைத் தைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட பைகள் நூற்றுக்கணக்கில் அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. நான் பார்த்த ஒன்றில், ஆலையின் பெயரை அச்சிட்டிருந்த எழுத்துகளை அழிக்காமல், அவற்றின் மேலேயே பட்டு நூலால் நிரப்பித் தைத்திருந்தார்கள். விளிம்பில் பை மூட்டியிருந்த தையலின் ஊசித் துளைகள் அப்படியே தெரிந்தன. மூலப் பொருளைத் தேடிப் போன உங்களுக்கு அதைவிட என்ன வேண்டும்?

வீட்டுக்கு அருகில் முகத்திரையிட்ட ஐசிஸ் சிலை ஒன்றையும் பார்த்திருப்பீர்கள். ஓர் அயோவா கிராமத்தில் எகிப்தியத் தேவதைக்கு என்ன வேலை என்று தோன்றியிருக்கும். அதுவும் பெல்ஜிய மக்கள் நன்றியாகக் கொடுத்ததுதான்.

மகள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. அடுத்த முறை அருங்காட்சியகத்தில் தொடங்கி, மேட்டிலிருக்கும் ஹூவரின் கல்லறைக்கு நடந்து செல்லுங்கள். பெயரும் ஆண்டுகளும் தவிர வேறொன்றும் பொறிக்காத அந்தக் கல்லருகே நின்றால் எதிரே அந்தச் சிறு வீடு தெரியும். பட்டறையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். உலை மூட்டியிருக்கும் நாளாக அமைந்தால் இரும்படிப்பதையும் பார்க்கலாம்.