பாட்டு 13, டிராக் 14

கேள்வி: சிடி அட்டையில் 13 பாட்டுதான். கணினியில் போட்டால் 14 டிராக் காட்டுகிறது. 13-வது பாட்டு அட்டையில் 4:10, கணினியில் 6:42. காப்பி எடுத்தால் அந்தப் பாட்டின் கடைசியில் டிரைவ் திணறி நின்றுவிடுகிறது. டிரைவ் கோளாறா?

பதில்: டிரைவ்மேல் பழி வேண்டாம். 6:42-இல் 4:10 போனால் மிச்சம் 2:32, அதுதான் துப்பு. அது இரண்டு செஷன் (தனித்தனியாகப் பதிந்த பகுதி) உள்ள சிடி. முதலாவதில் 13 பாட்டு, இரண்டாவதில் ஒரு டேட்டா டிராக்.

இயங்குதளம் டிராக்கைத் தானாக எண்ணுவதில்லை. செஷனின் தொடக்கத்திலுள்ள லீட்-இன் பகுதியில் பதிந்திருக்கும் பொருளடக்கத்தை டிரைவ் படித்து வைத்திருக்கும். கேட்டால் எடுத்து நீட்டும். உங்கள் சிடிக்கு அந்தப் பதில் 124 பைட். முதல் 4 பைட் 0, 122, 1, 14. அதாவது முதல் இரண்டு பைட்டுக்குப் பிறகு இன்னும் 122 பைட் உண்டு, முதல் டிராக் 1, கடைசி டிராக் 14. பிறகு டிராக்குக்கு 8 பைட் வீதம் பதிவுகள், கடைசியில் லீட்-அவுட்டுக்கு (செஷனை முடித்துவைக்கும் பகுதி) ஒன்று. அதன் எண் 170. டிராக் எண் 99-ஐத் தாண்டாது என்பதால் குழப்பமில்லை.

ஒவ்வொரு பதிவிலும் 2-வது பைட் ஆடியோவா டேட்டாவா என்று சொல்லும். 3-வது டிராக் எண். கடைசி நான்கும் தொடக்க முகவரி. முடிவு எங்கே என்பது எந்தப் பதிவிலும் கிடையாது! அதனால் 14-இன் தொடக்கத்திலிருந்து 13-இன் தொடக்கத்தைக் கழித்து நீளம் சொல்கிறது மென்பொருள். நடுவே முதல் செஷனின் லீட்-அவுட் 6750 செக்டர் (சிடியை அளக்கும் சிறு துண்டு), அடுத்ததன் லீட்-இன் 4500, முன் இடைவெளி 150. ஆக 11400. விநாடிக்கு 75 செக்டர் என்றால் 152 விநாடி, அதே 2:32. அங்கே பாட்டே இல்லை, டிரைவ் எதைப் படிக்கும்?

நல்ல மென்பொருள் கடைசி செஷனின் தொடக்கத்தையும் டிரைவிடம் கேட்டு, 11400-ஐக் கழித்துக்கொள்ளும். உங்களுடையது அப்படிச் செய்யாவிட்டால், 14-வது டிராக்கின் தொடக்க செக்டரில் 11401-ஐக் கழித்து, வருவதை 13-இன் கடைசி செக்டராக நீங்களே கொடுங்கள். முகவரியை செக்டர் எண்ணாகவே எடுங்கள். நிமிடம்-விநாடிக் கணக்கில் செக்டர் 0 என்பது 00:02:00. இரண்டையும் கலந்தால் 150 செக்டர் தள்ளிப்போகும்.

கேள்வி: பழைய விளையாட்டு சிடியில் முதல் பாட்டு 2-வது டிராக்காக வருகிறதே?

பதில்: டிராக் 1 விளையாட்டின் டேட்டா. டேட்டா, பாட்டு இரண்டையும் ஒரே வரிசையில்தான் எண்ணுவார்கள். நிரல் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கழித்து 'சரி' செய்யப் போக வேண்டாம். அடுத்த சிடியில் உதைக்கும். முதல் டிராக் 1 ஆகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட விதியில்லை. டிரைவ் தரும் பதிலின் முதல் 4 பைட்டில் 3-வதும் 4-வதும் சொல்லும் எண்களுக்கு இடையே சுற்றுங்கள்.

கேள்வி: டிவிடியில் 20 அத்தியாயம் இருந்தும் ஒரே டிராக் காட்டுவது ஏன்?

பதில்: டிவிடியில் சிடி மாதிரியான பொருளடக்கம் கிடையாது. கேட்டதற்காக டிரைவ் ஒற்றை டேட்டா டிராக்காக ஒன்றைப் புனைந்து தருகிறது. அத்தியாய விவரம் வட்டிலுள்ள ஐஎஃப்ஓ (.IFO) என்ற விவரக் கோப்புகளில் இருக்கிறது. அதைப் படிப்பது பிளேயரின் வேலை.