500 டாலர் காரில் ரேஸ் ஓட்ட முடியுமா?

அமெரிக்காவில் '24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' என்ற நீண்ட நேரக் கார் போட்டியில் 500 டாலர் காரை ஓட்டுகிறார்களாமே, அது நிஜமா என்று கேட்டிருந்தீர்கள். நிஜம்தான். 2006-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. ஆனால் அந்த 500 டாலரை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

500 டாலர் வரம்பின் கணக்கில் வருவது காரும் அதன் ஓட்டத்தைக் கூட்டும் பாகங்களும்தான். ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூண்டு), ரேஸ் சீட், பெல்ட், பிரேக், டயர் எல்லாம் பாதுகாப்புச் சாமான்கள், வரம்புக்கு வெளியே. அந்தக் கூண்டு அடிக்கவே காரைவிடப் பல மடங்கு செலவாகும். விலை வரம்பைத் தாண்டியதாகத் தெரிந்தால் நடுவர்கள் கூடுதலான ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சுற்று கழிப்பார்கள்.

சரி, பணத்தை முதலில் எங்கே போடுவது? என்னைக் கேட்டால் பிரேக்கில். எஞ்சினில் அல்ல. வீட்டுக் காரின் பிரேக் ஆயில் மணிக்கணக்கான ஓட்டத்தில் சூடேறிக் கொதிக்கும், குழாயில் குமிழி சேரும், பெடல் பஞ்சாகித் தரை வரை இறங்கும். அதிக வெப்பம் தாங்கும் ஆயிலும் பிரேக் பேடும் எஞ்சின் வேலையோடு ஒப்பிட்டால் மலிவு.

அப்புறம், நான்கைந்து பேர் சேர்ந்து காரையும் நுழைவுக் கட்டணத்தையும் பங்கு போட்டுக்கொள்வதுதான் அங்கே வழக்கம். ஜெயிக்கிற ஆசையும் வேண்டாம். அங்கே பெரிய மரியாதை, படுமோசமான காரை வைத்துக்கொண்டு நம்ப முடியாத தூரம் ஓட்டிக் காட்டும் அணிக்குத்தான்.