பெல்லி டான்ஸ் ஆடுபவருக்கு என்ன பரிசு? கேள்வி பதில்

டிசம்பர் பிறந்ததும் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் இதுதான். நான் ஆடுகிறவள், ஆடுபவர்களுக்கு உடை தைத்துக் கொடுப்பவள். அதனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மேடையில் பளிச்சென்று தெரிகிற எதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். தேய்கிறது, தீர்கிறது, தொலைகிறது எதுவோ அதை நீங்கள் வாங்குங்கள். சரி, கேளுங்கள்.

டொராண்டோவிலிருந்து ஒருவர்: அக்கா, மனைவிக்குத் தெரியாமல் ஒரு முழு உடை வாங்க ஆசை. அதுதான், மணி வைத்த பிராவும் பெல்ட்டும். அளவுக்கு அவளுடைய பழைய ஜாக்கெட்டை அனுப்பினால் போதுமா?

போதாது தம்பி. அந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் பெட்லா என்கிறோம். மணியும் கல்லும் ஏறினால் நல்ல கனம். அந்தக் கனத்தைத் தாங்க பிராவின் கிண்ணம் விறைப்பாக நிற்க வேண்டும், பட்டி முதுகில் சரியான இடத்தில் பிடிக்க வேண்டும். பெல்ட் இடுப்பில் உட்காருவதில்லை, அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் உட்காரும். அரை அங்குலம் தளர்ந்தாலும் ஆடும்போது சுற்றிக்கொண்டு போகும். இதெல்லாம் ஜாக்கெட்டில் தெரியாது. கெய்ரோவில் நல்ல தையல்காரர்கள் ஆளை நிற்க வைத்து அளவெடுத்துத்தான் தைக்கிறார்கள், விலையும் சில நூறு டாலர். அந்தப் பணத்தை ஒரு வாழ்த்து அட்டையில் வைத்து, "உடைக்கு, உன் விருப்பம்போல" என்று எழுதிக் கொடுங்கள்.

லண்டனிலிருந்து ஒரு தங்கை: என் அறைத்தோழியின் ஆட்ட உடைகளில் வியர்வை நாற்றம். துவைக்கவே கூடாது என்கிறாள். இதற்கு ஏதாவது பரிசு உண்டா?

உண்டு. மலிவான வோட்கா ஒரு பாட்டில், ஒரு ஸ்ப்ரே பாட்டில். சிரிக்காதீர்கள், நாடக மேடை உடைகளுக்கும் இதே வைத்தியம்தான். உடையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, அக்குள் பக்கத்திலும் பட்டியிலும் லேசாகத் தெளித்துக் காற்றில் உலர விட வேண்டும். ஒட்டவைத்த கற்களின் மேல் படக்கூடாது, பசை விட்டுப்போகும். கூடவே அக்குளில் வைத்துத் தைக்கும் வியர்வைத் துணி ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுங்கள். உடையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பைக்குள் திணிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: மகள் வெய்ல், அதுதான் கையில் பிடித்து வீசும் மெல்லிய துணி, வைத்து ஆடக் கற்கிறாள். வீட்டில் பட்டுப் புடவைகள் சும்மா கிடக்கின்றன. ஒன்றை வெட்டிக் கொடுக்கலாமா?

காஞ்சிபுரம் பட்டின் மேல் கத்திரியை வைத்துவிடாதீர்கள் அம்மா! ஜரிகைக் கனத்தில் அது மிதக்காது, தொப்பென்று விழும். ஆனால் யோசனை அருமை. வெய்லின் வழக்கமான நீளம் 3 கெஜம், அதாவது சுமார் 2.75 மீட்டர். அகலம் 1.1 மீட்டரை ஒட்டி இருக்கும். புடவை ஐந்தரை மீட்டர், அகலமும் ஏறக்குறைய அதுவே. ஒரு புடவையைச் சரிபாதியாக வெட்டினால் இரண்டு வெய்ல். இதற்கு ஷிஃபான்தான் சரி. கரையில் கல், லேஸ், கனமான பார்டர் எதுவும் இருக்கக் கூடாது. வெட்டிய ஓரத்தைத் தடித்து மடிக்காமல், விரலால் உருட்டிக் கையால் தைக்க வேண்டும். ஓரம் கனத்தால் துணி அந்தப் பக்கமாகவே சாயும்.

பட்டு வெய்ல்தான் வேண்டும் என்றால் மாம்மே கணக்குப் பார்த்து வாங்குங்கள், பட்டின் கனத்துக்கு அதுதான் அளவு. 5 மாம்மே காற்றில் நின்று நிதானமாக இறங்கும். 8 மாம்மே சீக்கிரம் விழும், ஆனால் திறந்தவெளியில் ஆடும்போது காற்று இழுத்துக்கொண்டு போகாது. கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு 5 போதும்.

மெல்போர்னிலிருந்து: தலையில் நிறுத்தி ஆடும் வாள்?

கூர் இருக்கக் கூடாது. எடை சரிசமமாக நிற்கும் இடத்தை விரலில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். வழுக்காமல் இருக்க அந்த இடத்தில் தேன்மெழுகு தேய்ப்பார்கள், அதில் ஒரு கட்டியும் சேர்த்துக் கொடுங்கள். விமானத்தில் கைப்பையோடு கொண்டுபோக விடமாட்டார்கள்.

சென்னையிலிருந்து: ஜில்ஸ், அதுதான் விரலில் மாட்டும் சின்னத் தாளத்தட்டு, ஆன்லைனில் விலை அதிகம். பஜனை ஜால்ரா இரண்டு ஜோடி வாங்கி எலாஸ்டிக் கோத்தால் ஆகாதா?

ஆகாது. ஜால்ராவைக் கயிற்றைப் பிடித்துத் தட்டுகிறோம். ஜில்ஸ் மொத்தம் நான்கு. ஒவ்வொரு கையிலும் கட்டைவிரலில் ஒன்று, நடுவிரலில் ஒன்று. ஒரு பாட்டு முழுக்கக் கையைத் தூக்கியபடியே வாசிக்க வேண்டும், ஜால்ராவின் கனத்துக்கு விரல் செத்துவிடும். நல்ல ஜில்ஸில் நடுவில் இரண்டு பிளவு இருக்கும். பட்டை எலாஸ்டிக் இரண்டிலும் நுழைந்து வருவதால் தட்டு சுழலாது. ஒற்றைத் துளை என்றால் ஆடிக்கொண்டே இருக்கும். எலாஸ்டிக் கையை உதறினாலும் விழாத இறுக்கம், விரல் நீலமாகாத தளர்வு. ஆரம்பக்காரருக்கு இரண்டேகால் அங்குல விட்டமுள்ள தட்டு வசதி. ஒரு மீட்டர் எலாஸ்டிக் தனியாக வாங்கி வையுங்கள், அது தளரத்தான் செய்யும்.

மிருதங்கம் வாசிப்பவர் ஒருவர்: கனத்தில்தான் நாதம். வெண்கலத்தில் வரும் கார்வை உங்கள் பித்தளைத் தகட்டில் வருமா? அது தகர டப்பா.

மலிவானவை தகர டப்பாதான், அதில் சண்டை இல்லை. ஆனால் ஜில்ஸில் கார்வை மட்டும் போதாது ஐயா. திறந்து தட்டினால் மணிச் சத்தம், மூடித் தட்டினால் 'டக்'. இரண்டையும் மாற்றி மாற்றி, வலது-இடது-வலது என்று குதிரை ஓட்டமாக ஓட்ட வேண்டும். உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன், மக்ஸூம் என்ற தாளம் எட்டு அட்சரம்: தும் தெக் – தெக், தும் – தெக் –. தும் கனத்த அடி, தெக் கூர்மையான அடி, கோடு வரும் இடத்தில் மௌனம். தொடையில் தட்டிப் பாருங்கள், ஆதி தாளம் போட்ட கைக்கு உடனே பிடிபடும்.

நட்டுவாங்கம் படிக்கும் மாணவி: எங்கள் தாளத்தில் ஒன்று இரும்பு, ஒன்று வெண்கலம். ஜில்ஸிலும் அப்படிக் கலக்கலாமா அக்கா?

வழக்கம் இல்லை, நான்கும் ஒரே உலோகம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் கேட்க ஆசையாக இருக்கிறது. செய்து பார்த்தால் எழுதுங்கள்.

மீண்டும் மிருதங்கக்காரர்: தட்டிப் பார்த்தேன், தாளம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆடுபவரே தாளம் போடுவது வீண் வேலை. நட்டுவனார் எதற்கு இருக்கிறார்?

அது உங்கள் மேடை. எகிப்தில் கவாஸி என்ற ஆட்டக்காரப் பெண்கள் தாங்களே வாசித்துக்கொண்டுதான் ஆடினார்கள். அங்கே ஜில்ஸுக்கு சாகாத் என்று பெயர். வாத்தியக் குழுவில் பெரிய சாகாத்தோடு தனியாக ஒருவர் உட்காருவதும் உண்டு. கூடுதலாக ஒருவர் இருப்பதால் ஆடுபவரின் கை சும்மா இருக்க வேண்டுமா என்ன?

சென்னைக்காரர் திரும்பவும்: சரி, ஜில்ஸே வாங்கிவிடுகிறேன். ஆனால் எங்களுடையது அபார்ட்மென்ட்.

வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரிதான் இருக்கும் முதல் மாதம். குரோஷா தெரிந்த பாட்டியிடம் நான்கு சின்னக் குல்லாய் பின்னச் சொல்லித் தட்டுகளுக்கு மாட்டுங்கள். கைக்குழந்தை சாக்ஸும் ஆகும். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த பரிசு அந்தக் குல்லாய்தான்.

துபாயிலிருந்து: மனைவிக்கு பெட்லா, அளவு மீடியமாக இருக்கும் என்று நினைக்கிறேன்...

நினைக்காதீர்கள். டொராண்டோ தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலையாக கெய்ரோ போகிறவர்: கான் எல்-கலீலி சந்தையில் தங்கைக்கு என்ன வாங்கலாம்?

அதிர்ஷ்டக்காரர். காசு தொங்கும் இடுப்புத் துணிதான் முதலில் கண்ணில் படும், அதைத் தாண்டிப் போங்கள். காசுகளை ஒரே நூலில் ஓடவிட்டுத் தைத்திருப்பார்கள். ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாக உதிரும், வெறுங்காலில் ஆடுபவர் மிதித்து வழுக்குவார். வாங்கியே தீருவேன் என்றால் ஒவ்வொரு காசுக்கும் தனி முடிச்சு இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

கையில் பணம் இருந்தால் தெல்லி வேலை செய்த வலைத்துணி சால்வை தேடுங்கள். மேல் எகிப்தின் அஸ்யூத் ஊர்ப் பெயரால் புகழ்பெற்றது. மெல்லிய உலோகப் பட்டையை வலையின் கண்ணுக்குள் நுழைத்து, கையால் மடித்து நசுக்கி, வெட்டி, கோலம் மாதிரி வடிவம் கொண்டுவருவார்கள். அசலைக் கையில் எடுத்ததுமே கனம் தெரியும், புரட்டினால் பின்பக்கத்திலும் உலோகம் மின்னும். ஒட்டியதும் அச்சடித்ததும் ஒரு பக்கம் மட்டுமே மின்னும். வாஷிங் மெஷினில் போடக் கூடாது என்று தங்கையிடம் சொல்லுங்கள். அவ்வளவு பணம் இல்லையென்றால் பருத்தி கலாபியா ஒன்று, அதாவது தொளதொளவென்ற நீள அங்கி. ஆடி முடித்து, உடைக்கு மேல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக அதைப்போல வசதி இல்லை.

ஹூஸ்டனிலிருந்து: ஆடினால் தொப்பை குறையுமா?

கேள்வி பரிசைப் பற்றி. மற்றது மருத்துவரிடம்.

பெங்களூரிலிருந்து: அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகள் பெரிய பாவாடை, சோளியோடு குழுவாக ஆடுகிறாள். இதுவும் பெல்லி டான்ஸ்தானா?

அதன் ஒரு கிளை. சான் பிரான்சிஸ்கோவில் 1987-ல் தொடங்கிய ஃபேட்சான்ஸ் பெல்லிடான்ஸ் குழு வளர்த்த பாணியாக இருக்கும். முன்கூட்டியே கோத்து வைத்த ஆட்டம் அல்ல. முன்னால் நிற்பவர் காட்டும் குறிப்பைப் பார்த்து மற்றவர்கள் அந்த நொடியில் தொடர்வார்கள். உங்களுக்கு வேலை சுலபம், அவர்கள் தேடுவதெல்லாம் உங்கள் ஊர்க் கடையிலேயே இருக்கிறது. கட்ச் கண்ணாடி வேலைத் துணி, கறுப்பேறிய வெள்ளி நிற வளையல், கனமான ஜிமிக்கி. ஜிமிக்கிக்கு மாட்டல் சேர்த்து அனுப்புங்கள், காது அறுந்துவிடும். சோளி மட்டும் வேண்டாம். ஏன் என்று மறுபடி என்னைக் கேட்காதீர்கள்.

பாரிஸ் மாணவிகள்: எங்கள் ஆசிரியைக்கு எல்லோரும் சேர்ந்து கொடுக்க?

அவரிடம் காசுத் துணி ஏற்கெனவே ஒரு மூட்டை இருக்கும். அவர் போக ஆசைப்படும் பயிற்சிப் பட்டறை எது என்று விசாரித்து அதன் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். அப்புறம், ஜனவரி மாதச் சம்பளத்தைத் தாமதிக்காமல் கொடுங்கள்.

அபுதாபியிலிருந்து: பெட்லா ஃப்ரீ சைஸ் என்று போட்டிருக்கிறதே, அதுவுமா கூடாது?

கூடாது.

கடைசியாக, ஸ்கார்பரோவிலிருந்து: நாளைக் காலை பரிசு பிரிக்க வேண்டும். கையில் 20 டாலர், கடை மூட ஒரு மணி நேரம்.

தையல் சாமான் கடைக்கு ஓடுங்கள். பெரிய ஊக்கு இரண்டு அட்டை, பாவாடைக்கு வைக்கும் தடித்த கொக்கி ஒரு அட்டை, உடை நிறத்தில் கெட்டி நூல், ஊசி, இரண்டு பக்கமும் ஒட்டும் துணி டேப். எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போடுங்கள். கொக்கி எப்போதும் மேடை ஏறும் நேரத்தில்தான் பிய்யும். ஊக்கில் சின்னதை எடுத்துவிடாதீர்கள், பெல்ட்டின் கனத்தில் வளைந்துவிடும்.