ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ்: விளக்கக் கடிதத்தைக் காசு கொடுத்து எழுதலாமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன், நண்பரின் அசைன்மென்டைப் பார்த்து எழுதிவிட்டார். ஒழுங்குக் குழுவிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘மாணவரைத் திருத்துவதே நோக்கம்’ என்று அதில் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? கடிதம் எழுதித் தந்து, உள்ளே பேசி முடித்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார்.

பதில்: நம்பலாம். அதற்காக அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். முதல் முறை, அதுவும் ஒரு அசைன்மென்ட் என்றால் பெரும்பாலும் எச்சரிக்கை, மதிப்பெண் குறைப்பு அல்லது பூஜ்யம், மேற்கோள் காட்டும் முறை பற்றிய பயிலரங்கு, தன் செயலைப் பற்றி ஒரு கட்டுரை என்ற அளவில் முடியும். பொய் சொன்னவர்களும், ஆதாரத்தை அழித்தவர்களும், மறுபடி சிக்கியவர்களும்தான் இடைநீக்கம் வரை போகிறார்கள்.

குழு முக்கியமாகப் பார்ப்பது மூன்று விஷயம். என்ன செய்தோம் என்று மாணவருக்குப் புரிகிறதா? அதனால் யாருக்குப் பாதிப்பு என்று தெரிகிறதா? அடுத்த முறை என்ன செய்வார்? இந்த மூன்றுக்கும் வெளியாள் பதில் எழுத முடியாது. ‘சூழ்நிலை காரணமாகத் தவறு நேர்ந்துவிட்டது’ என்பது எழுதிக் கொடுப்பவர்களின் வழக்கமான வரி. அதைப் படித்ததுமே குழுவுக்குச் சலித்துவிடும். ‘கெடுவுக்கு முந்தைய இரவு நண்பரின் கோப்பைத் திறந்து மூன்று பத்திகளை எடுத்து ஒட்டினேன், சொற்களை மட்டும் மாற்றினேன்’ என்று எழுதினால் நேர்மை தெரியும். ஒரு பக்கம் போதும். தேதி வாரியாக, மகனே எழுதட்டும். நண்பரோடு கதையை ஒத்துப் பேசிக்கொள்ள வேண்டாம். கோப்பைக் கொடுத்தவருக்கும் நோட்டீஸ் வரலாம், இருவர் கடிதமும் ஒரே மாதிரி இருந்தால் அது தனிக் குற்றச்சாட்டாகிவிடும்.

அந்த நபரை இன்றே விட்டுவிடுங்கள். குழுவின் முடிவை வெளியாள் மாற்ற முடியாது, மாற்ற முயன்றது தெரிந்தால் சின்ன விஷயம் பெரிதாகிவிடும். எழுதித் தரும் கோப்பின் விவரங்களில் எழுதியவர் பெயரும் திருத்திய நேரமும் பதிவாகியிருக்கும். விசாரணையில் இரண்டு கேள்வி கேட்டால் மாணவர் திணறுவார். பணம் வாங்கி எழுதித் தருபவர்களே பிறகு ‘பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டி மேலும் பறிப்பதும் நடக்கிறது.

‘எதையும் ஒப்புக்கொள்ளாதே’ என்றும் சிலர் சொல்வார்கள். அது ஒரே ஒரு வகைக்குப் பொருந்தும்: போலீஸ் வழக்காகக்கூடிய சம்பவம். அடிதடி, திருட்டு, போதைப்பொருள், பாலியல் புகார், அடுத்தவர் கணக்கில் புகுந்து வினாத்தாள் எடுத்தது போன்றவை. அங்கே வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதக் கூடாது. விசாரணைக் கோப்பு ரகசியம் என்பார்கள், நீதிமன்றம் கேட்டால் கொடுத்தாக வேண்டியிருக்கும். நல்ல மனதோடு எழுதிய மன்னிப்புக் கடிதமே ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நிற்கும். வழக்கு முடியும்வரை விசாரணையைத் தள்ளிவைக்கும்படி எழுத்தில் கேட்கலாம், மறுத்தாலும் மறுப்பார்கள். அப்போது பேசாமல் இருந்தால் கையில் இருக்கும் ஆதாரத்தை வைத்து முடிவெடுப்பார்கள். குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் அளவு நிரூபணம் குழுவுக்குப் பொதுவாகத் தேவையில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பட்டால் போதும். வழக்கில் விடுதலையானவர் மீதும் நடவடிக்கை வருவது இதனால்தான். உங்கள் மகன் விவகாரம் இந்த வகை அல்ல. ஆதாரம் கண்முன் இருக்கும்போது மறுப்பது இங்கே பாதகம்தான்.

நிர்வாகங்கள் மீதும் கோபம் வருகிறது. திருத்துவதே நோக்கம் என்று அச்சடித்துவிட்டு, நோட்டீஸை வக்கீல் நோட்டீஸ் மாதிரி அனுப்புகிறார்கள். பருவம் முடிந்த பிறகு விசாரணைக்கு அழைக்கிறார்கள். மாணவர் எழுதிய கட்டுரையைப் படித்து அவரோடு உட்கார்ந்து பேச ஒரு ஆளைப் போடுவதில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார்.

விசாரணைக்கு முன் ஆதாரங்களின் நகலை எழுத்தில் கேளுங்கள். மகன் தன் வரைவுக் கோப்புகள் எதையும் அழிக்கக் கூடாது. பெரும்பாலும் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம், ஆனால் பேச வேண்டியது மகன்தான். முடிவு வந்ததும் பயிலரங்குக்கும் கட்டுரைக்கும் உள்ள கெடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறினால் அடுத்த பருவப் பதிவை நிறுத்திவைக்கலாம். மேல்முறையீட்டுக்குப் பல இடங்களில் 5 முதல் 10 வேலை நாட்கள்தான். நடைமுறைப் பிழை, புதிய ஆதாரம், தவறுக்கு மிஞ்சிய தண்டனை என்று ஏதாவது ஒரு காரணம் காட்ட வேண்டும். ‘முடிவு பிடிக்கவில்லை’ என்று எழுதினால் படிக்காமலே திருப்பி அனுப்புவார்கள்.